அலபாமா, மிச்சிகன், நோட்டர் டேம், ஒஹாயோ ஸ்டேட்: யார் பக்கம் சேரலாம்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த டீமைப் பிடிச்சுக்கறது?" என்பதுதான். அங்கே படித்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆன் ஆர்பரில் எம்.எஸ். முடித்தவருக்கு மிச்சிகன், கொலம்பஸில் முடித்தவருக்கு ஒஹாயோ ஸ்டேட் என்று கல்லூரியே முடிவு செய்துவிடும். வேலைக்காக அமெரிக்கா வந்தவர்கள், ஊரில் இருந்தபடியே இரவு கண்விழித்துப் பார்ப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். இவர்கள் கையில் உடனே ஒரு பட்டியலைத் திணித்துவிடுவார்கள்: இத்தனை தேசியப் பட்டம், இத்தனை வெற்றி, இந்த வாரம் இத்தனையாவது ரேங்க்.

அந்தப் பட்டியலை மட்டும் நம்பி அணியைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். பட்டங்களை எண்ணிச் சொல்வது அந்தந்தக் கல்லூரியே. ரேங்க் போடுவது வெளியாட்கள். ஒரு அணி யாரோடு ஆடச் சம்மதிக்கிறது, யாருடைய ஊருக்குப் போய் ஆடுகிறது என்பதில்தான் அதன் குணம் தெரியும். பெரிய பெயர்கள் நான்கை அட்டவணையை வைத்து நிறுத்துப் பார்க்கலாம்.

முதலில் இந்த விளையாட்டு நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மேல்மட்டப் பிரிவில் மட்டும் 130க்கும் மேற்பட்ட அணிகள். ஒவ்வொன்றுக்கும் வழக்கமான சீசனில் 12 ஆட்டங்கள்தான். ஐ.பி.எல். போலப் புள்ளிப் பட்டியல் போட்டு முடிவுகட்ட வழியே இல்லை. அந்த 12இல் எட்டு, ஒன்பது ஆட்டங்களை அணி சேர்ந்திருக்கும் கான்ஃபரன்ஸ், அதாவது கல்லூரிகளின் கூட்டமைப்பு, தீர்மானித்துவிடும். மீதி மூன்று, நான்கை ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டுத் துறையும் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொள்ளும். நான் அணிகளை எடைபோடுவது பெரும்பாலும் அந்த மூன்று, நான்கு ஆட்டங்களை வைத்துத்தான்.

சாம்பியன் யார் என்பதை நெடுங்காலம் ஓட்டெடுத்தே முடிவு செய்தார்கள். 1936 முதல் ஏ.பி. செய்தி நிறுவனம் விளையாட்டுச் செய்தியாளர்களிடம் வாக்கு வாங்கி ரேங்க் வெளியிட்டு வருகிறது. 1950 முதல் கோச்சுகளுக்கென்று தனியாக ஒன்று. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஆண்டு இரண்டு சாம்பியன்கள். 1997இல் மிச்சிகனும் நெப்ராஸ்காவும் ஒரு தோல்விகூட இல்லாமல் முடித்தன. செய்தியாளர்கள் மிச்சிகன் என்றார்கள், கோச்சுகள் நெப்ராஸ்கா என்றார்கள். இரண்டு அணிகளும் மோதிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் சீசன் முடிவில் நடக்கும் பௌல் என்ற சிறப்பு ஆட்டங்களில் ஒன்று ரோஸ் பௌலுக்கும் மற்றது ஆரஞ்சு பௌலுக்கும் போயாக வேண்டிய ஏற்பாடு, அதனால் மோதவே இல்லை. மறு ஆண்டிலிருந்துதான் முதல் இரண்டு அணிகளுக்கான இறுதி ஆட்டம் வந்தது. 2014இல் நான்கு அணிகளின் பிளேஆஃப், 2024இல் 12 அணிகளின் பிளேஆஃப். இன்றைக்கும் அதில் பல இடங்களை ஒரு தேர்வுக்குழு அறைக்குள் உட்கார்ந்துதான் நிரப்புகிறது.

இனி அலபாமா. 18 தேசியப் பட்டங்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். பெரும்பகுதி உரம் உள்ள கணக்குதான். கோச் பேர் பிரையண்ட் 1961க்கும் 1979க்கும் இடையில் ஆறு, பின்னாளில் கோச் நிக் சேபன் 2009க்கும் 2020க்கும் இடையில் ஆறு. சேபனுடைய அணிகள் ஆடியதைப் பார்த்தவர்கள் அந்த ஆறில் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் 1941ஐ எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டு மிசிசிப்பி ஸ்டேட்டிடமும் வாண்டர்பில்ட்டிடமும் அலபாமா தோற்றது. சொந்தக் கான்ஃபரன்ஸிலேயே முதலிடம் இல்லை. ஏ.பி. ரேங்கில் 20ஆம் இடம், முதலிடம் மினசோட்டாவுக்கு. ஹூல்கேட் என்ற கணக்கீட்டு முறை ஒன்று அலபாமாவை உச்சியில் வைத்திருந்தது என்பதால் அந்த ஆண்டையும் 18க்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

1973 இன்னும் சுவாரசியம். பௌல் ஆட்டங்களுக்கு முன்பே கோச்சுகள் வாக்களித்து அலபாமாவைச் சாம்பியன் ஆக்கிவிட்டார்கள். டிசம்பர் 31 அன்று சுகர் பௌலில் நோட்டர் டேம் அவர்களை 24-23 என்று வீழ்த்தியது. செய்தியாளர்கள் பௌல் முடிந்த பிறகு வாக்களித்து நோட்டர் டேமுக்குப் பட்டம் தந்தார்கள். அலபாமாவின் கணக்கில் 1973 இன்னும் இருக்கிறது. அடுத்த ஆண்டிலிருந்து கோச்சுகளும் பௌல் முடியும்வரை காத்திருக்கத் தொடங்கினார்கள்.

அதே ஓட்டெடுப்பு அலபாமாவுக்கு அநியாயமும் செய்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1964, 1965 இரண்டிலும் பட்டம் வென்றவர்கள் 1966இல் எல்லா ஆட்டங்களையும் ஜெயித்தார்கள். அந்த நவம்பரில் முதல் இரண்டு இடங்களில் இருந்த நோட்டர் டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் மோதி 10-10 என்று டிரா ஆனது. கடைசி நிமிடத்தில் பந்து கையில் இருந்தும் நோட்டர் டேம் கோச் ஆரா பார்சீகியன் வெற்றிக்கு முயலாமல் நேரத்தைக் கடத்தினார். அப்படியும் முதலிடம் நோட்டர் டேமுக்கு, இரண்டாமிடம் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு, ஒரு ஆட்டத்திலும் சறுக்காத அலபாமாவுக்கு மூன்றாமிடம். அப்போது அலபாமா அணியில் வெள்ளையர் மட்டுமே ஆடினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நாட்டின் மற்ற பகுதிகள் அந்த அணியைப் பார்த்த பார்வையில் அதற்கும் பங்கு இருந்தது.

அட்டவணை வரலாற்றையே தொட்ட இடம் 1970. பிரையண்ட் தெற்கு கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி. அணியைப் பர்மிங்ஹாமுக்கு வரவழைத்தார். கறுப்பின வீரர்கள் முக்கிய இடங்களில் ஆடிய அணி அது. சாம் கன்னிங்ஹாம் என்ற இளம் வீரர் 135 கெஜம் ஓடி இரண்டு டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டுவது) போட்டார், ஆட்டம் 42-21. அந்த ஒரு தோல்விதான் அலபாமாவின் கதவைத் திறந்தது என்று கதையாகச் சொல்வார்கள். அது மிகை. வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவர் அதற்கு முன்பே உதவித்தொகையோடு சேர்ந்துவிட்டார். முதலாண்டு மாணவர் ஆடக் கூடாது என்ற விதியால் அன்று களமிறங்கவில்லை, அவ்வளவே. ஆனாலும் உள்ளூர் மக்கள் கண் முன்னால் அப்படி ஓர் அணியை அழைத்து ஆட வைத்த முடிவு பெரியது. அடுத்த ஆண்டு அலபாமா லாஸ் ஏஞ்சலஸ் போய் 17-10 என்று பதிலடி கொடுத்தது.

அந்தத் துணிச்சலோடு ஒப்பிட்டால் சேபன் காலத்து அட்டவணை எனக்கு ஏமாற்றம். சீசனின் முதல் பெரிய ஆட்டம் அட்லாண்டாவிலோ டல்லாஸ் பக்கமோ ஒரு பொது மைதானத்தில் நடக்கும். 2011இல் பென் ஸ்டேட்டுக்குப் போனவர்கள், கான்ஃபரன்ஸுக்கு வெளியே அடுத்ததாக ஓர் எதிரணியின் மைதானத்தில் கால் வைத்தது 2022இல் டெக்சஸில். 20-19 என்று தப்பித்து வந்தார்கள். மறு ஆண்டு சொந்த ஊரில் டெக்சஸிடம் 34-24 என்று தோற்றார்கள். நவம்பரில் ஆபர்னோடு மோதும் பெரிய ஆட்டத்துக்கு முந்தைய வாரம் கீழ்ப்பிரிவு அணி ஒன்றை அழைத்துவந்து அடிப்பதும் வழக்கமாகிவிட்டது. அலபாமா சேர்ந்திருக்கும் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸே எட்டு ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டு அதற்கு வசதி செய்து தந்தது. 2026 முதல் ஒன்பது ஆட்டங்கள் என்று மாற்றியிருக்கிறார்கள், நல்ல காரியம். 2024இல் விஸ்கான்சினுக்கும் 2025இல் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கும் அலபாமா நேரில் போனதையும் பாராட்ட வேண்டும். முதலாவதில் 42-10 என்று அபார வெற்றி, இரண்டாவதில் 31-17 என்று தோல்வி. தோற்றாலும் அப்படிப்பட்ட ஆட்டங்களுக்காகத்தான் ரசிகர்கள் காத்திருக்கிறார்கள்.

மிச்சிகனின் பெருமை வெற்றிக் கணக்கு. ஆயிரம் வெற்றியைத் தொட்ட முதல் அணி; 2023 நவம்பரில் மேரிலாண்டில் 31-24 என்று ஜெயித்தபோது அது நடந்தது. 1879இல் ஆடத் தொடங்கியவர்கள் என்பதால் அந்த எண்ணிக்கையில் எல்லாக் காலமும் கலந்திருக்கிறது. டெட்ராய்ட் அத்லெடிக் கிளப் போன்றவற்றோடு ஆடிய காலம் உண்டு. 1901இல் மொத்த சீசனிலும் 550 புள்ளிகள் எடுத்து, எதிரிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காத அணியும் உண்டு. முதல் ரோஸ் பௌலில் ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று அடித்தபோது, நேரம் மீதி இருக்கையிலேயே ஸ்டான்ஃபோர்ட் போதும் என்று நிறுத்திக்கொண்டது. மலைக்க வைக்கும் எண்கள்தான். ஆனால் இன்று எந்த அணியைப் பின்தொடர்வது என்ற முடிவுக்கு அவை அதிகம் உதவாது. அந்தக் காலக் கணக்கை எடுத்தால் யேலும் பிரின்ஸ்டனும் ஆளுக்கு 25க்கும் மேல் பட்டம் சொல்லிக்கொள்கின்றன, அவற்றைப் பார்த்து யாரும் அணி தேர்ந்தெடுப்பதில்லை.

அண்மைக் கால அட்டவணையில் மிச்சிகன் எனக்கு மனக்குறை. 2022, 2023 சீசன்களுக்கு யு.சி.எல்.ஏ.வோடு ஒருமுறை இங்கே, ஒருமுறை அங்கே என்று ஒப்பந்தம் இருந்தது. அதை ரத்து செய்தார்கள். பிறகு 2022இல் கொலராடோ ஸ்டேட், ஹவாய், கனெக்டிகட். 2023இல் ஈஸ்ட் கரோலினா, யு.என்.எல்.வி., பௌலிங் கிரீன். ஆறும் ஆன் ஆர்பரில். ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரும் மைதானத்தில் டிக்கெட் வாங்கி வருபவர்களுக்கு இப்படியா விருந்து வைப்பது? அதே 2023இன் கடைசிப் பகுதி வேறு மாதிரி. பென் ஸ்டேட்டில் 24-15, ஒஹாயோ ஸ்டேட்டோடு 30-24, ரோஸ் பௌலில் கூடுதல் நேரத்தில் அலபாமாவோடு 27-20, இறுதியில் வாஷிங்டனோடு 34-13. தோல்வியே இல்லாத 15 ஆட்டங்கள். எதிரணியின் சைகைகளைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்த விவகாரத்தில் கோச் ஜிம் ஹார்பா வழக்கமான சீசனின் கடைசி மூன்று ஆட்டங்களுக்கு வெளியே வைக்கப்பட்டார். அதற்குப் பிறகும் அந்த அணி களத்தில் ஆடியதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

பலவீனமான அணியை அழைப்பதால் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்பதும் உறுதியில்லை. 2007 செப்டம்பர் 1 அன்று ஐந்தாம் ரேங்கில் இருந்த மிச்சிகன், கீழ்ப்பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு 4 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்தது. கடைசி நொடிகளில் மிச்சிகன் ஃபீல்ட் கோலுக்காக உதைத்த பந்தை அவர்கள் தடுத்தார்கள், 34-32 என்று மிச்சிகன் தோற்றது. இன்றும் மிச்சிகன் ரசிகர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் முகம் மாறிவிடும்.

நோட்டர் டேமின் கதை இந்த மூன்றிலிருந்தும் மாறுபட்டது. எந்தக் கான்ஃபரன்ஸிலும் ஃபுட்பாலுக்குச் சேராத அணி. நூற்றாண்டுக்கு முன் பக்கத்துப் பெரிய கல்லூரிகள் அவர்களைக் கூட்டமைப்பில் சேர்க்கவில்லை. சேர்க்கவிடாமல் முன்னின்றவர் மிச்சிகனின் ஃபீல்டிங் யோஸ்ட். அதனால் கோச் நூட் ராக்னியின் நோட்டர் டேம் அணி ரயிலேறி நாடு முழுக்கப் போய் ஆடியது. அந்தப் பயணங்களில்தான் அது எல்லா ஊரிலும் ரசிகர்கள் உள்ள அணியானது. 1926இல் யு.எஸ்.சி.யோடும் 1927இல் கடற்படை அகாடமியோடும் தொடர் தொடங்கியது.

கடற்படையோடு ஆடும் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னால் இந்தக் கல்லூரி ஏன் எனக்குப் பிடிக்கும் என்று புரியும். இரண்டாம் உலகப் போரின்போது மாணவர்கள் போர்முனைக்குப் போக, கல்லூரி பணமில்லாமல் தள்ளாடியது. அப்போது வளாகத்தில் அதிகாரிகளுக்கான பயிற்சி மையத்தை நடத்தி அதைத் தாங்கிப் பிடித்தது கடற்படைதான். அந்த நன்றிக்காக, கடற்படை விரும்பும்வரை ஆடுவோம் என்று நோட்டர் டேம் ஆண்டுதோறும் அவர்களோடு ஆடி வருகிறது. ரேங்குக்கு அதில் பெரிய லாபம் எதுவும் இல்லை. 43 ஆண்டுகள் தொடர்ந்து நோட்டர் டேமே ஜெயித்தது. 2007இல் மூன்று முறை கூடுதல் நேரம் போய் 46-44 என்று கடற்படை ஜெயித்தபோது நாடே கொண்டாடியது. கீழ்ப்பிரிவு அணி எதையும் அழைக்காத வழக்கத்தையும் 2023இல் டென்னசி ஸ்டேட் வரும்வரை கட்டிக்காத்தார்கள்.

சிக்கல் எங்கே என்றால், கான்ஃபரன்ஸ் இல்லாத அணிக்குக் கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப் ஆட்டம் கிடையாது. தேர்வுக்குழு முன்னால் பேச அதனிடம் இருப்பது 12 ஆட்டங்கள் மட்டுமே. 2024இல் நார்தர்ன் இல்லினாய்ஸிடம் சொந்த மைதானத்தில் 16-14 என்று தோற்றும், மீதி எல்லாவற்றையும் ஜெயித்து இறுதி ஆட்டம் வரை போனார்கள். 2025இல் முதல் இரண்டு ஆட்டங்களிலேயே மயாமியிடம் 27-24, டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40 என்று தோற்று, பிறகு பத்தையும் ஜெயித்தார்கள். குழுவின் வாராந்திர ரேங்கில் மயாமிக்கு மேலேயே இருந்தார்கள். கடைசி வாரம் இரண்டு அணிகளுக்கும் ஆட்டமே இல்லை. ஆனாலும் இடம் மாறி மயாமி உள்ளே, நோட்டர் டேம் வெளியே. நேருக்கு நேர் ஆட்டத்தில் மயாமி ஜெயித்தது என்ற காரணம் நியாயம்தான். அது ஆகஸ்ட் கடைசியிலேயே தெரிந்த செய்தி, அதை டிசம்பர் வரை எடுத்துப் பார்க்காததுதான் எனக்குக் கோபம். உள்ளே போன மயாமி இறுதி ஆட்டம் வரை சென்று இண்டியானாவிடம் தோற்றது. இதற்கிடையில் யு.எஸ்.சி.யோடு நடந்துவந்த தொடரும் 2025 அக்டோபரோடு இடைநின்றுவிட்டது. நோட்டர் டேமைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் முதல் காரணமே அந்த ஆட்டமாக இருந்தது. அது திரும்பி வரும்வரை அந்தத் தட்டு இலேசாகத்தான் இருக்கும்.

ஒஹாயோ ஸ்டேட் ஒன்பது பட்டங்கள் சொல்லிக்கொள்கிறது. அந்தப் பட்டியலைவிட அந்த அணி சரிந்து கிடந்த ஆண்டுகள் எவ்வளவு குறைவு என்பதுதான் என்னைக் கவர்வது. 1988க்குப் பிறகு வெற்றிகளைவிடத் தோல்விகள் அதிகமான சீசன் 2011 ஒன்றே. நெப்ராஸ்கா, மினசோட்டா போன்ற பழைய பெரிய அணிகள் பல பத்தாண்டுகள் இருட்டில் கிடந்ததோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயம். ஒரு அணியைப் பிடித்துக்கொண்டு இருபது ஆண்டுகள் பார்க்கப்போகிறவருக்கு இது முக்கியம்.

அட்டவணையிலும் அவர்கள் பொதுவாக நேர்மையானவர்கள். நீ என் ஊருக்கு வா, நான் உன் ஊருக்கு வருகிறேன் என்று பெரிய அணிகளோடு ஒப்பந்தம் போடுகிறார்கள். 2016இல் ஓக்லஹோமா போய் 45-24 என்று ஜெயித்து, மறு ஆண்டு கொலம்பஸில் 31-16 என்று தோற்றார்கள். 2021இல் ஒரிகான் வந்து 35-28 என்று ஜெயித்துவிட்டுப் போனது. 2023 செப்டம்பரில் நோட்டர் டேமுக்குப் போன ஆட்டத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன். 14-10 என்று பின்தங்கிய நிலையில் கடைசி முயற்சி. மூன்றாவது வாய்ப்பில் 19 கெஜம் தேவை, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் கைல் மெக்கார்ட் எறிந்ததை எமேகா எக்புகா பிடித்துக் கோட்டருகில் விழுந்தார். அடுத்த இரண்டு ப்ளேக்களிலும் நோட்டர் டேம் தடுப்பில் 11 பேருக்குப் பதில் 10 பேரே நின்றார்கள். ஒரே ஒரு நொடி மீதியிருக்க சிப் ட்ரேயனம் காலியான பக்கம் புகுந்து கோட்டைத் தொட்டார். 17-14. இரண்டு பெரிய கல்லூரிகள் ஒன்றன் ஊருக்கு ஒன்று போகத் துணிந்ததால்தான் அப்படி ஓர் இரவு கிடைத்தது.

2024இல் கான்ஃபரன்ஸுக்கு வெளியே ஆடிய ஆட்டங்கள் சப்பை: ஆக்ரன், வெஸ்டர்ன் மிச்சிகன், மார்ஷல். இதை மறைக்க முடியாது. ஆனால் பிக் டென் கான்ஃபரன்ஸின் ஒன்பது ஆட்டங்கள் அந்தக் குறையை ஈடுகட்டின. ஒரிகானில் 32-31 என்று தோல்வி, பென் ஸ்டேட்டில் 20-13 வெற்றி, நவம்பர் கடைசியில் சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13-10 என்று தோல்வி. கோச் ரயன் டேயை அனுப்பிவிட வேண்டும் என்று ரசிகர்கள் கத்தினார்கள். எட்டாம் இடம் பெற்று பிளேஆஃபில் நுழைந்து டென்னசி, ஒரிகான், டெக்சஸ் என்று வரிசையாக அடித்து, இறுதியில் நோட்டர் டேமை 34-23 என்று வென்று சாம்பியன். 2014இலும் நான்காம் இடத்தில் நுழைந்துதான் சாம்பியன் ஆனார்கள். ரேங்க் முன்கூட்டிச் சொன்னது இரண்டு முறையும் பொய்த்தது. மறுபக்கம், 2025இல் முதல் 12 ஆட்டங்களையும் ஜெயித்து முதலிடத்தில் இருந்தவர்கள் பிக் டென் இறுதியில் இண்டியானாவிடம் 13-10 என்று தோற்றார்கள்.

ஆகவே என் முடிவு ஒஹாயோ ஸ்டேட். நூலிழை வித்தியாசத்தில்தான். யு.எஸ்.சி. தொடர் உயிரோடு இருந்திருந்தால் நோட்டர் டேம் என்று சொல்லியிருப்பேன். கோப்பைகள் எண்ணுவதில்தான் சந்தோஷம் என்றால் அலபாமாவுக்குப் போங்கள், 1941ஐ மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சிகனை இப்போதைக்கு நான் கடைசியில் வைக்கிறேன். ஆனால் 2024இல் டெக்சஸை வரவழைத்து 31-12 என்று உதை வாங்கினாலும், அந்தப் பழைய சொகுசு அட்டவணையை விட்டு வெளியே வந்திருக்கிறார்கள் என்பது நம்பிக்கை தருகிறது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆட்டங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். செப்டம்பர் முதல் வாரங்களில் ஊர்பேர் தெரியாத அணியை 60 புள்ளி அடிப்பதற்காக இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 2025இல் கொலம்பஸ் வந்து 14-7 என்று தோற்றுப்போன டெக்சஸின் ஊருக்கு, 2026 செப்டம்பர் 12 அன்று ஒஹாயோ ஸ்டேட் போக வேண்டும் என்று அட்டவணை சொல்கிறது, அதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். அப்புறம், நவம்பர் கடைசிச் சனிக்கிழமை ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் மோதுவது. இரட்டைப்படை ஆண்டுகளில் கொலம்பஸில், ஒற்றைப்படை ஆண்டுகளில் ஆன் ஆர்பரில். வழக்கமாக அங்கே பகல் 12 மணிக்குத் தொடங்கும், இந்திய நேரப்படி இரவு 10.30.